பதினொரு அட்டைகள்

சாவி என்னிடம்தான்.
நரின் தொழில்நுட்பக் கல்லூரி, மூன்றாம் மாடி,
கணினி ஆய்வகம். பதினான்கு வருஷமாக
அந்தப் பூட்டு என் பேச்சை மட்டும் கேட்கும்.

சிவப்பு மசியில் பதினொரு அட்டை
எழுதி ஒட்டியவனும் நானே.
தொடாதீர்கள். நகர்த்தாதீர்கள்.
எட்டரைக்கு மேல் கதவைத் தட்டாதீர்கள்.
கிர்கிஸ் மொழியில் ஒரு தடவை, ரஷ்ய மொழியில் ஒரு தடவை,
புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.
ஓர் அட்டையில் வெறும் ‘கூடாது’.
எது என்று எனக்கே மறந்துபோச்சு.

செப்டம்பரில் பெர்மெட் வந்தாள், நெட்வொர்க் பாடத்துக்கு.
வாசலில் நின்றபடியே கேட்டாள்:
“எல்லா மேசையும் சுவரைப் பார்த்து நிற்கிறதே,
என்ன தப்பு செய்தன?”
பிளக் பாயின்ட் சுவரில்தான் இருக்கிறது என்றேன்.
மறுநாள் நாற்பது மீட்டர் ஒயரைத் தோளில் மாட்டி வந்தாள்.

மேசைகளை இழுத்தார்கள். முகத்துக்கு முகம் வந்தது.
இரண்டு வருஷம் ஒரே அறையில் படித்த
திலேக்கும் ஜில்டிஸும்
அன்றுதான் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.
நான் தரையில் விழுந்த கீறல்களை
எண்ணிக்கொண்டு நின்றேன்.

சினாராவுக்கு அத்பாஷியிலிருந்து மார்ஷ்ருத்கா.
வண்டி நிறைந்தால்தான் கிளம்பும்;
நிறைவதற்குள் என் எட்டரை போய்விடும்.
போன வருஷம் பாதி நாள் அவள் படித்தது
கதவின் வெளிப்பக்கத்தை.
பெர்மெட் அவளைத் திட்டவில்லை. பாடத்தைத் திருப்பினாள்:
முதல் இருபது நிமிஷம் நேற்றைய பிழைகள்,
யார் எப்போது நுழைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலி கடைசியாக வருபவருக்கு.
“விறைத்த விரல் டைப் அடிக்காது” என்றாள், அவ்வளவுதான்.

பிறகு என் அட்டைகளில் கை வைத்தாள்.
“பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, எடுத்துக்கட்டுமா?”
பத்தைத் திருப்பினாள். முதலாவதில் அவளே எழுதினாள்:
ஒரு புள்ளியை மாற்றிப் போட்டு
ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை இரண்டு மணி நேரம் நிறுத்தினேன்.
கீழே கையெழுத்து. வகுப்பு மூச்சு விடவில்லை.
வெள்ளிக்கிழமை திலேக்:
கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் சொருகினேன்.
கட்டடமே நின்றது. மன்னிக்கவும், பிரின்சிபால்.
சினாரா எழுதியது மூன்று வாரம் கழித்து,
குட்டி எழுத்தில்:
கேட்கப் பயந்தேன்.

ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் இருபத்தெட்டு.
என் கார் முனகியது, கிளம்பவில்லை.
நடந்து போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால்.
எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று
பாதி பயம், உண்மையைச் சொன்னால்
பாதி ஆசை.

நடைக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.
கோட்டும் தொப்பியுமாய்ப் பதினேழு பேர்,
ஆளுக்கொரு ரவுட்டராம்.
ஜில்டிஸின் ஒற்றைக் கையுறைதான் செய்தி.
கைமாறிக் கைமாறி மாடிப்படி வரை போய்,
வழி தவறி, திரும்பி,
யாரோ தவறவிட, “பாக்கெட் போச்சு!” என்று கூச்சல்.
சினாராதான் உரக்கச் சொன்னாள்:
“மறுபடி அனுப்பு! பதில் வரும்வரை அனுப்பு!”

என்னைப் பார்த்தார்கள். சாவியைப் பார்க்கவில்லை.
கையுறை என் நெஞ்சில் வந்து விழுந்தது.
“நீங்கள் ஃபயர்வால்” என்றான் திலேக்.
“விடலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.”
மீசைப் பனி உருகிச் சொட்டியது.
கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்தேன்.
விட்டேன்.

‘கூடாது’ அட்டையை மட்டும் யாரும் திருப்பவில்லை.
அதன் மேல்பக்கம் பென்சிலில்
ஆளுக்கொன்று எழுதிவைக்கிறார்கள்.
பசியோடு புரோகிராம் எழுத.
அடுத்தவர் கீபோர்டைப் பிடுங்க.
தெரிந்ததுபோல் தலையாட்ட.

சனிக்கிழமை சந்தையில் சாவி வெட்டுபவன்
“எத்தனை?” என்றான்.
ஒன்று என்று சொல்லத்தான் போயிருந்தேன்.
“மூன்று” என்றது வாய்.

தரைக் கீறல் மொத்தம் முப்பத்தொன்று.
அதை மட்டும் பெர்மெட்டிடம்
ஒருநாள் கேட்காமல் விடமாட்டேன்.